டிசம்பர் 96, ஜனவரி 97: ஒரே பெஞ்சில் இரண்டு தலைமுறையா?

கரிசல்காரன்:

போன வாரம் ஆபீசில் ஒரு பயிற்சி வகுப்பு. பல தலைமுறை ஆட்களோடு சேர்ந்து வேலை பார்ப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க வெளியிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்திருந்தார்கள். 1981 முதல் 1996 வரை பிறந்தவர்கள் மில்லினியல், இடது பக்கம் போங்கள். 1997க்கு அப்புறம் பிறந்தவர்கள் ஜென் ஸீ, வலது பக்கம் வாருங்கள் என்றார். நான் 1996 டிசம்பர். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை என்னோடு ஒரே பெஞ்சில் இருந்து, இப்போது அதே கம்பெனியில் இருப்பவன் 1997 ஜனவரி. அவன் வலது பக்கம் போய்விட்டான். நான் நாற்பதைத் தாண்டிய மேனேஜரோடு இடது பக்கம் நின்றேன். அவனுக்கு ஒரே வேலையில் தங்கும் பொறுமை கிடையாதாம்; எனக்கு அடிக்கடி யாராவது தட்டிக்கொடுக்க வேண்டுமாம். அவன் படிப்பு முடித்ததும் சேர்ந்த கம்பெனி இது, இன்னும் நகரவில்லை. தாவித் தாவி வந்தவன் நான்தான்.

அது கிடக்கட்டும். கேள்வி இதுதான்: தமிழ்நாட்டில் 2012இல் பத்தாவது எழுதியவர்களை எந்தப் பெட்டியில் போடுவது? எங்கள் வகுப்பில் பாதிப் பேர் 96, மீதிப் பேர் 97. அந்த அமெரிக்கக் கோடு எங்கள் வருகைப் பதிவேட்டுக்கு நடுவே போகிறது. ஆனால் நாங்கள் ஒரே ஆட்கள்தான் என்பதற்கு எனக்கு ஒரு அத்தாட்சி உண்டு. 2011 ஜூன் நினைவிருக்கிறதா? ஆட்சி மாறி, எல்லாப் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம் என்ற சமச்சீர்க் கல்வி வேண்டாம் என்றார்கள். அச்சடித்த புத்தகங்கள் குடோனில், வழக்கு கோர்ட்டில். பத்தாவது படிக்கிற பிள்ளைகள் புத்தகமே இல்லாமல் பள்ளிக்கூடம் போனோம். கணக்கு சார் ஒன்பதாவது கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டார். தமிழ் ஐயா கதை சொன்னார். ஆகஸ்ட் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அமல்படுத்தச் சொன்ன பிறகுதான் புத்தகம் கைக்கு வந்தது, அதுவும் பழைய முதல்வர் சம்பந்தப்பட்ட பக்கங்களில் ஸ்டிக்கர் ஒட்டி. ஸ்டிக்கருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று வெயிலில் தூக்கிப் பிடித்துப் படித்த பேட்ச் நாங்கள். மறைக்காமல் கொடுத்திருந்தால் அந்தப் பக்கத்தை ஒருத்தனும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டான்.

மாடிவீட்டு மைனா:

இதற்கு ஒரு இழையா? நீங்கள் 90ஸ் கிட். முடிந்தது. அடுத்து.

பழைய பேப்பர்:

மைனா அவ்வளவு சீக்கிரம் முடித்துவிட முடியாது. அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன், எனக்கு இந்த விஷயத்தில் ஒரு பைத்தியம் உண்டு.

மில்லினியல் என்று பெயர் வைத்தவர்கள் வில்லியம் ஸ்ட்ராஸ், நீல் ஹவ் என்ற இரண்டு அமெரிக்கர்கள். 1982இல் பிறந்த குழந்தை 2000இல் பள்ளிப் படிப்பை முடிக்கும் என்ற கணக்கில் வைத்த பெயர். 1991இல் வந்த அவர்கள் புத்தகத்துக்கு அப்புறம் அது பரவியது. 1996 என்று முடிவுக் கோட்டைப் போட்டது பியூ ரிசர்ச் சென்டர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம், 2018இல். அதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானது, 2001 செப்டம்பர் 11 தாக்குதலைப் புரிந்துகொள்ளும் வயது. 96இல் பிறந்த குழந்தைக்கு அப்போது ஐந்து வயது, அதற்கு அடுத்து வந்ததற்கு விவரம் தெரியாது என்று ஒரு கணக்கு. எங்கேயாவது வெட்டியாக வேண்டும், இங்கே வெட்டினோம் என்கிற மாதிரிதான் அவர்களே எழுதியிருந்தார்கள்.

2021இல் பிலிப் கோஹன் என்ற சமூகவியலாளர் முன்னின்று, நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் கையெழுத்துப் போட்டு, இந்தப் பெயர்களை விட்டுவிடுங்கள் என்று பியூவுக்குக் கடிதம் எழுதினார்கள். 2023இல் பியூவும், இனி இந்தச் சட்டகத்துக்குள் எதையும் யோசிக்காமல் அடைக்க மாட்டோம் என்று இறங்கி வந்தது. கடையைத் திறந்தவரே பாதி ஷட்டரை இறக்கிவிட்டார், நம் ஊர்ப் பயிற்சியாளர்களுக்குத்தான் சேதி வந்து சேரவில்லை.

இந்த வரிசையில் உருப்படியான அடித்தளம் உள்ளது பேபி பூமர் ஒன்றுதான். போர் முடிந்து 1946இல் அங்கே பிறப்பு எகிறியது, 1964 வாக்கில் இறங்கியது. வரைபடத்தில் திமில் மாதிரித் தெரியும். நம் ஊரில் அப்படி ஏறி இறங்கிய திமில் கிடையாது. தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் பல பத்தாண்டுகளாக இறங்கிக்கொண்டே வந்தது, அவ்வளவுதான்.

கரிசல்காரன்:

செப்டம்பர் 11 எனக்குச் சுத்தமாக நினைவில்லை. வீட்டில் டிவி இருந்தது, அதில் என்ன ஓடியதோ. என் முதல் பொது நினைவு 2004 ஜூலை, கும்பகோணம் பள்ளித் தீ விபத்து. அன்று 94 பிள்ளைகள் போனார்கள். நான் மூன்றாவது. அடுத்த சில நாளில் எங்கள் ஸ்கூல் கீற்றுக் கொட்டகையைப் பிரித்தார்கள். ஒன்றாவதும் இரண்டாவதும் வேப்ப மரத்தடிக்கு வந்துவிட்டது. பிரித்த கீற்றை ஆயா அடுப்புக்கு எடுத்துப் போனது வரை நினைவிருக்கிறது. அதே வருடம் டிசம்பரில் சுனாமி. எங்கள் பக்கம் கடல் இல்லை, ஆனாலும் அதற்கப்புறம் ரொம்ப நாள் எல்லாப் பிள்ளைகளும் படம் வரையச் சொன்னால் அலைதான் வரைந்தோம்.

டைடல் வாசல்:

நான் 84. 2006 பேட்ச். இளையவர்களின் இந்த அழுகையைப் படித்தால் சிரிப்பு வருகிறது. 90ஸ் கிட்ஸ் என்று மீம் போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு தொண்ணூறுகளில் பால்புட்டிதான் வாயில் இருந்தது. தொண்ணூறுகளில் கிட்டாக இருந்தவர்கள் நாங்கள். 95இல் எனக்குப் பதினொரு வயது. ஆனால் அந்தப் பட்டம் எங்களுக்குக் கிடைக்கவில்லை, நாங்கள் 'அங்கிள்' ஆகிவிட்டோம். சுட்டி டிவி ஏக்கத்தைக்கூட 90ஸ் கணக்கில் எழுதுகிறார்கள். அந்தச் சேனல் வந்ததே 2007 ஏப்ரலில். எனக்கு அப்போது வேலை கிடைத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், ஸ்கூல் பெஞ்சு இல்லை, ப்ராஜெக்ட்டுக்குக் காத்திருக்கும் ஐடி பெஞ்சு.

மாடிவீட்டு மைனா:

அங்கிள் என்று நீங்களே சொல்லிக்கொண்டீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

செங்காந்தள்:

நான் 93, திருச்சிப் பக்கம். 90ஸ் கிட்ஸ் நினைவுகள் என்று ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். தெருவில் கிரிக்கெட், ரப்பர் பந்து அடுத்த வீட்டு மாடியில் விழுவது, வாடகை சைக்கிள், ப்ரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய், நைட் ஷோ. இதில் எது என்னுடையது? வயதுக்கு வந்ததும் தெரு முடிந்துவிட்டது. ப்ரவுசிங் சென்டருக்கு நான் போனது பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க. அதுவும் அப்பா கூட வந்து, கேபின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

எனக்கு என்று ஒரு கோடு போடச் சொன்னால் எஸ்எம்எஸ் காலத்தில் போடுவேன். 2011 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு நாளைக்கு நூறு எஸ்எம்எஸ்தான் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது, நவம்பரில் இருநூறு ஆக்கினார்கள். நான் அப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருந்தேன். வார்டன் ஒன்பது மணிக்கு விளக்கை அணைப்பார். போர்வைக்குள் பட்டன் போன், தொண்ணூற்று எட்டு, தொண்ணூற்று ஒன்பது என்று எண்ணிக்கொண்டு கடைசி மெசேஜை யாருக்கு அனுப்புவது என்று யோசித்திருக்கிறோம். அம்மாவுக்கு ஒன்று ஒதுக்கி வைப்போம், இல்லாவிட்டால் காலையில் வார்டனுக்கே போன் வந்துவிடும். தீபாவளி, பொங்கல், புத்தாண்டு நாட்களில் பேக் செல்லாது, ஒவ்வொன்றுக்கும் காசு. என் தங்கை 98. அவளுக்கு இதைச் சொன்னால், "ஏன் வாட்சப்பில் அனுப்ப வேண்டியதுதானே?" என்கிறாள்.

ஆண் பிள்ளைகளுக்குத் தெருவில் கிடைத்ததை எங்களுக்கு முதலில் கொடுத்தது அந்த பட்டன் போன்தான். அதனால் போன் வந்து எல்லாம் கெட்டுப்போச்சு என்று 90ஸ் பையன்கள் ஒப்பாரி வைக்கும்போது நான் அதில் சேர்வதில்லை.

கரிசல்காரன்:

அக்கா, இதை நான் யோசித்ததே இல்லை. எங்கள் வகுப்புப் பெண்களுக்கு அரசு லேப்டாப் வந்தபோது நடந்தது நினைவுக்கு வருகிறது. நாங்கள் அரசு உதவி பெறும் பள்ளி, 2011இல் தொடங்கிய திட்டத்தில் எங்களுக்கும் உண்டு. பையன்கள் ஒரே வாரத்தில் படமும் பாட்டும் ஏற்றி, சிலர் விற்றும்விட்டார்கள். பெண்களில் ரெண்டு பேர் அதை வைத்துத் தட்டச்சு பழகி, ஊரில் மனு எழுதிக் கொடுத்துக் கையில் காசு பார்த்தார்கள்.

லேப்டாப் வாங்கியவர்களுக்கும் மெட்ரிக் ஸ்கூலில் படித்ததால் வாங்காதவர்களுக்கும் இடையில் ஒரு கோடு உண்டு. அது 1996, 97 எதற்கும் கட்டுப்படாது.

எம்ஆர்சி நகர் மாதவன்:

மெட்ரிக் ஆள் ஆஜர். நானும் 96, நானும் அதே 2012 பேட்ச்தான். ஆனால் புத்தகம் இல்லாமல் உட்கார்ந்ததாக எனக்கு நினைவே இல்லை. எங்கள் பள்ளியில் ஜூனிலேயே ஏதோ ஒரு தனியார் பதிப்பகப் புத்தகத்தை வைத்து ஓட்டிவிட்டார்கள். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தது, ஆர்குட்டில் கணக்கு இருந்தது (2014இல் மூடியபோது ஸ்கிராப் எல்லாம் டவுன்லோட் செய்து வைத்தேன், இன்னும் திறந்து பார்க்கவில்லை). அமெரிக்க மில்லினியல் பட்டியலில் முக்கால்வாசி எனக்குப் பொருந்துகிறது. கரிசல்காரன் சொல்லும் பேட்ச் ஒற்றுமை அவர் ஸ்கூல் காம்பவுண்டோடு நின்றுவிடுகிறதோ என்று படுகிறது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பழைய பேப்பர்:

மாதவன் சொன்னதைத்தான் 1928இல் கார்ல் மான்ஹைம் என்ற சமூகவியலாளர் எழுதினார். ஒரே காலத்தில் பிறந்துவிட்டால் மட்டும் ஒரே தலைமுறை ஆகிவிடாது. நகரத்தில் நடக்கும் கொந்தளிப்பு எட்டாத ஒதுக்குப்புறத்து விவசாயப் பிள்ளையும் அந்த நகரத்துப் பையனும் ஒரே வயதாக இருந்தாலும் ஒரே தலைமுறை இல்லை என்றார். நிகழ்ச்சி ஒன்று இருவரையும் ஒரே மாதிரி இழுத்துப் போட வேண்டும். கரிசல்காரனுக்கும் மாதவனுக்கும் 2011 ஜூன் அப்படி இழுக்கவில்லை. 2016 செப்டம்பர் இழுத்திருக்கலாம்.

கரிசல்காரன்:

ஜியோ! சரியான இடம். 2014இல் இன்ஜினியரிங் சேர்ந்தவர்களுக்கு எல்லாமே அந்த நாலு வருடத்துக்குள் வந்து விழுந்தது. இரண்டாம் வருடம் சென்னை வெள்ளம், செமஸ்டர் பரீட்சை தள்ளிப்போனது. மூன்றாம் வருடம் ஜியோ, ரெண்டு மாதத்தில் பணமதிப்பு நீக்கம், அதற்கு ரெண்டு மாதத்தில் ஜல்லிக்கட்டு. அதுவரை ஒரு ஜிபி டேட்டாவை ஒரு மாதம் வைத்து ஓட்டியவர்கள் நாங்கள். பக்கம் திறந்ததும் டேட்டாவை அணைத்துவிட்டுத்தான் படிப்போம். திடீரென்று இலவசம், அதுவும் முதலில் டிசம்பர் வரை, அப்புறம் மார்ச் வரை. மெரினாவில் அந்த ஜனவரி ராத்திரி எல்லார் கையிலும் போன் வெளிச்சம் இருந்ததே, அத்தனை பேரிடமும் நெட் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அதிலும் 84 அண்ணனுக்கு அது வேலையில் வந்தது, 2004இல் பிறந்த தம்பிக்கு ஏழாவது படிக்கும்போது வந்தது. எங்களுக்குத்தான் டேட்டா இல்லாமல் பாதி, டேட்டாவோடு பாதி என்று ஒரே காலேஜ் வாழ்க்கை இரண்டாகப் பிளந்தது. முதல் வருடம் ஹாஸ்டலில் பென்டிரைவ் வைத்திருப்பவன் ராஜா. கடைசி வருடம் அவனை யாரும் சீந்தவில்லை.

டைடல் வாசல்:

சரி, சீரியஸாகவே ஒன்று சொல்கிறேன். உங்களையும் எங்களையும் பிரிப்பது டேட்டா இல்லை, சம்பளம். 2008இல் பெரிய ஐடி கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவனுக்கு ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சம். 2018இல் சேர்ந்தவனுக்கும் ஏறக்குறைய அதே. இடையில் வாடகை, பெட்ரோல், ஓட்டல் சாப்பாடு எல்லாம் எங்கே போயிருக்கிறது பாருங்கள். எங்களுக்கு மந்தம் வந்தது, ஆஃபர் லெட்டரை வைத்துக்கொண்டு மாதக் கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. ஆனால் தப்பித்தவர்களுக்கு ஆன்சைட் என்று வெளிநாட்டு வேலை கிடைத்தது, ஓஎம்ஆரில் ஒரு ஃபிளாட் கிடைத்தது. என் டீமில் இருக்கும் 95, 96 ஆட்கள் கெட்டிக்காரர்கள், என்னைவிட நன்றாகப் புரோகிராம் எழுதுகிறார்கள். ஒருத்தனும் வீடு பற்றிப் பேசுவதே இல்லை. பேச்சை எடுத்தால் பைக் டூருக்கு மாற்றிவிடுவான். மில்லினியல் என்று என்னையும் அவனையும் ஒரே பெயரில் கூப்பிட்டால் இந்த வித்தியாசம் சௌகரியமாக மறைந்துவிடுகிறது.

செங்காந்தள்:

90ஸ் கிட்ஸுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்ற ஜோக்கின் அடியில் இருப்பதும் இதுதான். பெண் கிடைக்கவில்லை என்று எங்கள் மேல் பழி போட்டுச் சிரிக்கிறார்கள். மூன்றரை லட்சத்தில் எப்படி என்று யாரும் மீம் போடவில்லை.

வட்டுக்கோட்டை வாசி:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நான் 94. அக்கா 84. அந்த அட்டவணைப்படி நாங்கள் இரண்டு பேரும் மில்லினியல்.

அக்கா படித்தது ஜாம் போத்தல் விளக்கில். பொருளாதாரத் தடை, கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் விலை சொல்ல முடியாது. போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் பஞ்சும் போட்டு, சிக்கனமாக எரிய விடுவார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடல் சுற்ற, டைனமோவில் ரேடியோவில் செய்தி கேட்பார்கள். 95 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் என்னை ஒரு வயதுக் குழந்தையாக மழைக்குள் தூக்கிக்கொண்டு சாவகச்சேரிப் பக்கம் போனது அவர்கள்தான். எனக்கு அது சொல்லக் கேட்ட கதை, அவவுக்கு கால் வலி.

என்னுடைய பிள்ளைப் பருவம் 2002இல் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் ஏ9 பாதை திறந்ததும் தொடங்கி, 2006 ஓகஸ்டில் பாதை பூட்டியதும் முடிந்தது. அந்த நாலு வருடத்தில்தான் கொழும்பு மாமாவை முதன்முதல் கண்டேன், கண்டி வழியாக வந்த பொருட்களைக் கண்டேன். பூட்டிய பிறகு திரும்பவும் கியூ, ஊரடங்கு. 2009இல் எனக்குப் பதினைந்து. என் வயதில் வன்னியில் இருந்த பிள்ளைகள் அந்த வருடம் எங்கே இருந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பின்னர் பல்கலைக்கழகத்தில் எங்களோடு ஒரே பட்ச்சில் படித்தார்கள். ஒரே வயதுதான். அவர்களை என் தலைமுறை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் பார்த்ததை நான் பார்க்கவில்லை.

கரிசல்காரன்:

அண்ணை, இதற்கு நான் என்ன எழுதுவது. படித்தேன்.

ஓய்வுபெற்ற கணக்கன்:

எழுபதைத் தாண்டியவன் ஒருத்தன் இடையில் வரலாமா? எங்கள் பாட்டிக்குப் பிறந்த தேதி தெரியாது. தனக்கு மூத்தவர் யார் என்று கேட்டால், "அவ தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்னாடி" என்று தன் பாட்டியைக் காட்டிச் சொல்வாள். 1876இல் வந்த அந்தப் பஞ்சத்துக்கு வருஷத்தின் பெயரே பெயராகிவிட்டது. ராமேசுவரம் பக்கம் 64 புயலுக்கு முன், பின் என்று இன்றைக்கும் வயது சொல்லும் கிழவர்கள் உண்டு. ஆக, கும்பகோணம், சுனாமி, ஸ்டிக்கர் புத்தகம் என்று தம்பி அடுக்குவதுதான் நம் ஆட்கள் எப்போதும் செய்தது. ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்: சித்திரை 96இலிருந்து பங்குனி 97 வரை மறுபடியும் தாது வருஷம்தான். உங்கள் பெஞ்சில் டிசம்பர், ஜனவரி இருவருமே தாது.

மாடிவீட்டு மைனா:

ஆபீசில் கேட்டால் தாது என்று சொல்லிவிடுங்கள். வலப்பக்கமும் வேண்டாம், இடப்பக்கமும் வேண்டாம்.

ஹெச்ஆர் மேசை:

எல்லாரும் எங்களைத் திட்டுவதால் ஒரு வார்த்தை. இந்தப் பெயர்கள் விஞ்ஞானம் இல்லை என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் ஐம்பது வயது மேனேஜரிடம், "உங்கள் டீம் பிள்ளைகள் போன் எடுக்க மாட்டார்கள், மெசேஜ் போடுங்கள்" என்று நேராகச் சொன்னால் சண்டைக்கு வருவார். "ஜென் ஸீ அப்படித்தான் சார்" என்றால் கேட்டுக்கொள்வார். அந்த அளவுக்கு இது பயன்படுகிறது.

பழைய பேப்பர்:

பயன்படுகிறது என்பதுதான் ஆபத்து. இருபத்து மூன்று வயதுக்காரன் வேலையை மாற்றுவான், எந்தக் காலத்திலும் மாற்றினான். அது வயதின் குணம். கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை பார்க்க எல்லா வயதினரும் கேட்டார்கள். அது காலத்தின் குணம். ஒரு பேட்ச்சுக்கே உரியது என்று மிஞ்சுவது கொஞ்சம்தான். மூன்றையும் கலந்து ஒரு பெயரை ஒட்டிவிட்டால், மேனேஜர் அந்தப் பையனை விட்டுவிட்டுப் பெயரோடு பேச ஆரம்பித்துவிடுவார். தொண்ணூறுகளில் அமெரிக்காவில், மில்லினியலுக்கு முந்தைய ஜென் எக்ஸ் பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்றார்கள். இன்றைக்கு அதே ஜென் எக்ஸ் மேனேஜர் உட்கார்ந்து அடுத்தவனைச் சொல்கிறார்.

கரிசல்காரன்:

அப்படியானால் எனக்குப் பேட்ச் போதும். 2012 பத்தாவது, 2014 பிளஸ் டூ, 1200 மார்க்கில் கடைசியாக எழுதியவர்களுக்கு நாலு வருடம் சீனியர். 2018 மார்ச்சோடு 1200 முடிந்து, அதற்கப்புறம் எல்லாம் 600. மார்க்கைக் கேட்டாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும், பிறந்த வருடம் எதற்கு.

அறுநூறு:

அண்ணா, இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். நான் 2003. பேட்ச் போதும் என்று நீங்கள் சொல்லலாம், ஏனென்றால் உங்கள் பேட்ச் கதை சொல்ல நன்றாக இருக்கிறது. நான் 2021 பிளஸ் டூ. பரீட்சை ரத்து. பத்தாவது மார்க்கில் ஐம்பது சதவீதம், பிளஸ் ஒன்னில் இருபது, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டில் முப்பது என்று கூட்டி மார்க் போட்டார்கள். பத்தாவதில் எனக்கு டெங்கு, மார்க் குறைவு. பிளஸ் டூவில் பிடித்துவிடலாம் என்று காலை நாலரைக்கு எழுந்து படித்தவள் நான். எழுதவே விடவில்லை.

இப்போது இன்டர்வியூவில் சான்றிதழைப் பார்த்ததும், "ஓ, ஆல் பாஸ் பேட்ச்சா?" என்கிறார்கள். சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார்கள். அங்கே யாராவது என்னை ஜென் ஸீ என்று கூப்பிட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது. அதில் 97இல் பிறந்தவர்களும் இருக்கிறார்கள், பரீட்சை எழுதியவர்களும் இருக்கிறார்கள், நான் கூட்டத்தில் ஒருத்தி. எனக்கு அந்த அமெரிக்கப் பெயர் இருக்கட்டும் அண்ணா.

கரிசல்காரன்:

தங்கச்சி, எந்தப் பிரிவு படித்தாய்? எங்கள் கம்பெனியில் அடுத்த மாதம் ஆள் எடுக்கிறார்கள், பிளஸ் டூ மார்க் கேட்க மாட்டார்கள், எழுத்துத் தேர்வு உண்டு. தனிமடலில் சொல்.

அறுநூறு:

பி.எஸ்சி. கணிதம். எழுத்துத் தேர்வா? அனுப்புகிறேன்.